வடியைக் கடந்தவை: மருந்தாலைக் கழிவும் மென்சவ்வும்

1941ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரத்து வைத்தியசாலையிலிருந்து பல்கலைக்கழகத்தின் நோயியற் கூடத்திற்கு ஒரு நோயாளியின் சிறுநீர் துவிச்சக்கரவண்டியில் எடுத்துச் செல்லப்பட்டது. கழிவென்று கொட்டப்படவேண்டிய அந்நீரைக் கூடத்திலிருந்தோர் ஒரு துளியும் சிந்தாமல் வாங்கி வைத்தனர். நோயாளி அல்பேட் அலெக்சாந்தர் என்னும் பொலிஸ்காரர். முகத்திற் கண்ட புண் புரையோடி, ஒரு கண்ணையும் அகற்றவேண்டியதாகி, உயிர் ஊசலாடும் நிலையிற் கிடந்தவர். ஹவாட் புளோரி, எர்ன்ஸ்ட் செயின், நோமன் ஹீற்லி ஆகியோர் மாதக்கணக்கிற் பாடுபட்டுத் திரட்டிய பெனிசிலின் அம்மாதம் 12ஆம் நாள் அவருக்கு ஏற்றப்பட்டது. மறுநாளே குணம் தெரியத் தொடங்கிற்று. ஆயின் கையிலிருந்த மருந்தோ மிகச் சொற்பம். ஆகவே அவரது சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே ஏற்றினர். அதுவும் சில நாட்களில் முடிந்துபோயிற்று. நோய் திரும்பியது; மார்ச் 15ஆம் நாள் அவர் இறந்தார்.

உடலிற் புகுந்த பெனிசிலினின் பெரும்பகுதி மாற்றமடையாமலே சில மணி நேரத்திற் சிறுநீரோடு வெளியேறிவிடுகின்றது. மருந்தின் கழிவில் மருந்தே இருக்கின்றது என்னும் இவ்வுண்மை அன்று ஒரு சிறு உதவியாகக் கொள்ளப்பட்டது. மருந்தாலைகள் பெருகிய பின்னர் அதுவே பெருஞ் சிக்கலாயிற்று. அச்சிக்கலுக்கு எதிராக இன்று நிறுத்தப்படும் கருவிகளுள் முதன்மையான ஒன்று மென்சவ்வு வடி. அதன் வரலாறு பெனிசிலினின் வரலாற்றினும் மிக நீண்டது.

வடிகட்டுதல் மனிதன் பழங்காலந்தொட்டு அறிந்த தொழில். கள்ளிறக்குவோர் பன்னாடையில் வடித்தனர். நெய்யுருக்குவோர் நெய்யரியைக் கையாண்டனர். நன்னூலார் கடைமாணாக்கருக்கு உவமை தேடியபோது, நல்ல நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடத்தே பற்றிக்கொள்ளும் அந்நெய்யரியையும் அவ்வரிசையிற் சேர்த்தார். மாணாக்கனுக்கு இழுக்காகிய அக்குணம் ஒரு வடிக்கு இருக்கவேண்டிய முதற்குணம். எத்துணைச் சிறிய கசடு வரை வடி பற்றும் என்பதே வினா. ஐரோப்பிய விஞ்ஞானிகள் இவ்வினாவோடு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மல்லாடினர். இதுவே இறுதி வடி என்று அவர்கள் எண்ணிய ஒவ்வொரு வேளையிலும், ஏதேனுமொன்று அதனையும் கடந்து சென்றது.

1748இற் பிரான்சு நாட்டுப் பாதிரியாரும் பௌதிக அறிஞருமாகிய ஜான் அந்துவான் நொலே என்பவர், வைன் மதுவினின்று வடித்த சாராயத்தை ஒரு சிறு கலத்தில் நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி, நீருள் அமிழ்த்தி வைத்தார். சாராயத்தில் வெளிக்காற்றுப் படாதிருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. சில மணி நேரங் கழித்துப் பார்க்கையில், கட்டிய தோல் வெளிப்புறமாகப் புடைத்து நின்றது. ஊசியாற் குத்தியபோது உள்ளிருந்த நீர்மம் பீறிட்டெழுந்தது. நீர் தோலினூடே உள்ளே புகுந்த வேகத்திற் சாராயம் வெளியே வர இயலவில்லை. பிரசாரணம் என்று பாடசாலை மாணவர் இன்று கற்கும் நிகழ்ச்சி இவ்வாறு, வேறொன்றைத் தேடியவர் கண்ணில், தற்செயலாகத் தென்பட்டது.

கிளாஸ்கோவிற் பிறந்த இரசாயனவியலாளர் தோமஸ் கிரஹாம் 1861இல் இதனை ஒரு முறையாகவே வகுத்தார். தோற்றாளின் ஊடாக உப்பும் சீனியும் கடந்து செல்வதையும், பசையும் முட்டை வெண்கருவும் கடவாது நிற்பதையும் அவர் காட்டினார். கடவாது நிற்கும் பொருள்களுக்குக் கூழ்ப்பொருள் எனப் பொருள்படும் பெயரை இட்டவர் அவரே. அவர் இட்ட மற்றொரு பெயரை இன்று விஞ்ஞானிகளைக் காட்டிலும் நோயாளரின் குடும்பங்களே நன்கறியும். அது டயலிசிஸ்.

கிருமிகளே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை நிலைபெற்ற பின்னர், கிருமியைத் தடுக்கும் வடி வேண்டியதாயிற்று. லூயி பாஸ்டரின் உதவியாளர் ஷார்ல் ஷாம்பர்லான் 1884இல் மெருகிடாத பீங்கானாற் குழாய் செய்து, அதனூடாக நீரை அழுத்திச் செலுத்தினார். வெளிவந்த நீரிற் பற்றீரியா எதுவும் காணப்படவில்லை. எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1892இல் உருசிய நாட்டவரான திமித்ரி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றை இப்பீங்கான் வடியிற் செலுத்தி, வடிந்த சாற்றை நல்ல செடியில் இட்டார். அச்செடியும் நோயுற்றது. வடியிற் பழுது இருக்குமோ என்றும் அவர் ஐயுற்றார். ஒல்லாந்தராகிய மார்ட்டினுஸ் பைஜரிங்க் 1898இல் அதே சோதனையைச் செய்து, வடியிற் பழுதில்லை, கடந்து வந்தது பற்றீரியாவிலும் வேறான ஒன்று என்று துணிந்தார். வைரசு என்னும் சொல் இன்றைய பொருளில் வழங்கத் தொடங்கியது அதன் பின்னரே. வைரசைக் காணும் கருவி எதுவும் அன்று இல்லை. வடி அதனைப் பிடிக்கத் தவறியதே அது உண்டென்பதற்குச் சான்றாயிற்று.

பீங்கானின் துளைகள் ஒரு சீராக அமைவதில்லை. ஆதலால் ஜேர்மனியில் ஹைன்ரிக் பெக்ஹோல்ட் 1907இல், கொலோடியன் என்னும் கரைசலிலிருந்து வெவ்வேறு துளையளவு கொண்ட சவ்வுகளை வேண்டியவாறு ஆக்கும் வழியைக் கண்டார். கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ரிச்சாட் சிக்மொண்டி 1918இல், தொழில்முறையிற் செய்யத்தக்க மென்சவ்வு வடியை உருவாக்கினார். கூழ்ப்பொருள் ஆராய்ச்சிக்காக 1925ஆம் ஆண்டின் இரசாயன நொபெல் பரிசைப் பெற்ற அறிஞர் இவரே. எனினும் அம்மென்சவ்வு ஆய்வுகூடத்தின் எல்லைக்குள்ளேயே பல்லாண்டு தங்கியிருந்தது. அதனை ஊருக்குள் கொண்டுவந்தது யுத்தம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மனிய நகரங்கள் குண்டுவீச்சுக்கு இலக்காகி, நீர்க்குழாய்கள் சிதைந்தன. குடிநீரில் மலக்கிருமி கலந்துள்ளதா என விரைந்து அறியவேண்டிய நிலை ஏற்பட்டது. மென்சவ்விலே நீரை வடித்து, சவ்வின்மேல் தங்கிய கிருமிகளை ஊட்டக் கூழில் வளர்த்து எண்ணும் முறையை ஹம்பேர்க் நகரத்துச் சுகாதார நிபுணர்கள் கையாண்டனர். யுத்தம் முடிந்ததும், கலிபோர்னியாவிலிருந்து அலெக்சாந்தர் கோட்ஸ் என்னும் பேராசிரியர் ஜேர்மனி சென்று இம்முறையைக் கற்று அமெரிக்காவிற்குக் கொண்டுவந்தார். அமெரிக்கப் படையின் இரசாயனப் பிரிவு அவருக்குத் துணைநின்றது. 1954இல் மில்லிபோர் என்னும் நிறுவனம் தோன்றி, மென்சவ்வு வடிகளை உலகெங்கும் விற்கத் தொடங்கியது.

இக்காலத்துள் மருந்துத் தொழிலும் உருமாறியிருந்தது. ஒக்ஸ்போட்டில் ஹீற்லி, நோயாளர் படுக்கையிற் பயன்படுத்தும் மலசலக் கலத்தின் வடிவில் அமைந்த மண்கலங்களிற் பூஞ்சணத்தை வளர்த்தார். 1944 மார்ச் 1ஆம் நாள் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில், முன்னர் பனிக்கட்டி ஆலையாயிருந்த கட்டடத்திற் பைசர் நிறுவனம் தொடங்கிய ஆலையில் 7,500 கலன் கொள்ளும் தாங்கிகள் 14 இருந்தன. அத்தாங்கிகளில் நொதித்து முடிந்த குழம்பிலிருந்து பூஞ்சணத்தின் இழைத்திரளைத் துணிபோர்த்த உருளை வடிகளால் நீக்கி, எஞ்சிய நீரிலிருந்து மருந்தைக் கரைப்பான் கொண்டு பிரித்தனர். மருந்து குழம்பில் ஒரு சிறு பங்கு. மீதி முழுவதும் கழிவு: செத்த பூஞ்சணம், உண்ணாது விட்ட சோளச்சாறு, மாவு, சீனி, உப்பு, கரைப்பானின் மிச்சம்.

இத்தகைய கழிவின் வலிமையை வீட்டுக் கழிவுநீரோடு ஒப்பிட்டால் விளங்கும். ஒரு லீற்றர் வீட்டுக் கழிவுநீரிலுள்ள அழுக்கைப் பற்றீரியாக்கள் உண்டு தீர்க்க ஐந்து நாட்களில் 200 அல்லது 300 மில்லிகிராம் ஒட்சிசன் வேண்டும். நொதித்தல் ஆலையின் செலவான குழம்பு ஒரு லீற்றருக்கோ ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வேண்டும். அதனை அவ்வாறே ஓர் ஆற்றில் விட்டால், ஆற்றிற் கரைந்துள்ள ஒட்சிசன் அனைத்தும் அதற்கே செலவாகி மீன்கள் மூச்சடைத்துச் சாகும். இதனை எல்லாரும் அறிந்திருந்தனர். கழிவிலே தங்கிய மருந்தைப் பற்றி மாத்திரம் ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த மருந்து தன்னைத் தானே வெளிப்படுத்திய கதை சுவையானது. நியூயோர்க் மாநிலத்தின் பேள் றிவர் என்னும் இடத்தில் இருந்த லெடர்லி ஆய்வுகூடத்தில், தோமஸ் ஜூக்ஸ், றொபேட் ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர் கோழிக்குஞ்சுகளுக்கேற்ற உயிர்ச்சத்து ஊட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தனர். அதே நிறுவனம் ஓரியோமைசின் என்னும் மருந்தை நொதித்தல் முறையிற் செய்துவந்தது. மருந்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய சக்கையில் பீ12 உயிர்ச்சத்து இருக்கும் என்று கருதி, அதனைக் குஞ்சுகளுக்கு இட்டனர். குஞ்சுகள் எதிர்பார்த்ததினும் மிகுதியாகக் கொழுத்து வளர்ந்தன. உயிர்ச்சத்து ஒன்றினால் மாத்திரம் அத்துணை வளர்ச்சி உண்டாகாது. சக்கையிலே தங்கிய சிறிதளவு ஓரியோமைசினே அதற்குக் காரணம் என்று 1950ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று.

இக்கண்டுபிடிப்பிலிருந்து அக்காலத்தவர் எடுத்துக்கொண்ட பாடம் வியப்புக்குரியது. கழிவிலே மருந்து எஞ்சியிருக்கின்றது, அது உயிர்கள்மேல் வினை புரிகின்றது என்று அஞ்சவேண்டியவர்கள், கழிவுக்கு ஒரு சந்தை கிடைத்தது என்று மகிழ்ந்தனர். கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் சிறிதளவு நுண்ணுயிர் எதிரி மருந்தைத் தீவனத்திற் கலந்து நாள்தோறும் கொடுக்கும் வழக்கம் இவ்வாறு பரவியது. சிறிதளவு மருந்திற் சாகாது தப்பிய பற்றீரியாக்களே பெருகும் என்பது பின்னரே உறைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வளர்ச்சிக்காக இம்மருந்துகளைக் கொடுப்பதை முற்றாகத் தடைசெய்தது. மருந்தாலைச் சக்கையைத் தீவனத்திற் சேர்ப்பதைச் சீனம் 2002இல் விலக்கியது. 2008இல் அச்சக்கையை ஆபத்தான கழிவுகளின் பட்டியலிற் சேர்த்தது. ஐம்பது ஆண்டுக்காலம் தீவனமாக விலைபோன பொருள் அது.

மருந்தாலையின் முன்வாயிலில் மென்சவ்வு இதற்கிடையே நன்றாகக் காலூன்றிவிட்டது. கொதிக்கவைத்தாற் கெட்டுவிடும் மருந்துக் கரைசல்களைக் கிருமி நீக்கஞ் செய்ய, 0.45 மைக்கிரோன் துளையுடைய சவ்வு போதும் என்று கருதினர். ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பற்றீரியாக்களுட் பல ஏறத்தாழ ஒரு மைக்கிரோன் அளவின. ஆனால் 1960களில், அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தைச் சேர்ந்த பிரான்சஸ் பௌமன் என்னும் பெண்மணி, இச்சவ்வில் வடித்த கரைசலிலும் உயிரோடிருந்த ஒரு சிறு பற்றீரியாவைக் கண்டார். அதன்பின் 0.22 மைக்கிரோன் துளையே விதியாயிற்று. சவ்வைச் சோதிப்பதற்கு அந்தப் பற்றீரியாவையே இன்றும் பயன்படுத்துகின்றனர். 1892இற் பீங்கானைக் கடந்த வைரசு வகையினை மருந்துக் கரைசலிலிருந்து நீக்குவதற்கென்றே செய்யப்பட்ட முதற் சவ்வு வடியோ 1989இல்தான் யப்பானிலிருந்து வெளிவந்தது.

கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சியிலிருந்து அடுத்த படி பிறந்தது. நொலேயின் கலத்தில் நிகழ்ந்ததைத் தலைகீழாக நிகழ்த்தவேண்டும். அதாவது உப்புநீரை மிக்க அழுத்தத்தோடு சவ்வின்மேற் செலுத்தி, நீரை மாத்திரம் மறுபுறம் வரச்செய்யவேண்டும். இதுவே எதிர்ப் பிரசாரணம். உப்பைத் தடுக்கும் சவ்வுகள் இருந்தன. ஆயின் அவற்றினூடே நீர் சொட்டுச் சொட்டாகவே வந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திற் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்னும் இருவர் 1960ஆம் ஆண்டை அடுத்து இத்தடையைக் கடந்தனர். சௌரிராஜன் இந்தியாவிற் பிறந்தவர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமத்தைத் தம் பெயராகக் கொண்டவர். அவர்கள் சோதித்த சவ்வு, ஒரு பக்கத்தை மேலாக வைத்தால் நன்கு வேலை செய்தது. புரட்டி வைத்தாற் பயன் தரவில்லை. இரு பக்கமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும், ஒரு பக்கத்தில் மிக மெல்லிய இறுகிய தோலும் அதன்கீழ்த் தடித்த பஞ்சு போன்ற பகுதியும் அமையவேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று. அவ்வாறான சவ்வைத் தாமே செய்யும் வகையையும் அவர்கள் கண்டனர். 1965இற் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூரில் இம்முறையாற் குடிநீர் வழங்கப்பட்டது. இலங்கையின் வடமத்திய மாகாணத்திற் சிறுநீரக நோய் பரவிய கிராமங்களிலே நிறுவப்பட்ட ஆர். ஓ. நீர் நிலையங்களை நேயர்கள் அறிவர். அவற்றின் உள்ளேயிருக்கும் சவ்வு இந்த இருவரின் சவ்வுக்கு வழித்தோன்றல்.

மென்சவ்வு ஆலையின் பின்வாயிலுக்கு வந்தது 1969இல். கழிவுநீரிற் காற்றைச் செலுத்திப் பற்றீரியாக்களை வளர்த்து, அவற்றைக்கொண்டே அழுக்கை உண்பிக்கும் முறையை 1914இல் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டேன், லொக்கெற் என்னும் இருவர் வகுத்திருந்தனர். அழுக்கை உண்டு கொழுத்த பற்றீரியாச் சேறு தானாகவே தொட்டியின் அடியிற் படியவேண்டும். மேல்நிற்கும் தெளிந்த நீரை வெளியேற்றவேண்டும். மருந்தாலைக் கழிவிலோ சேறு ஒழுங்காகப் படிவதில்லை. மிதந்து, நீரோடு சேர்ந்து ஓடிவிடும். படியட்டும் என்று காத்திராமற் சேற்றையே மென்சவ்வினால் வடித்தால் என்ன என்று அமெரிக்காவின் டோர் ஒலிவர் நிறுவனத்தார் 1969இற் சோதித்துக் காட்டினர். நீர் தெளிந்தது. ஆயின் சேற்றைச் சவ்வின்மேல் வேகமாகச் செலுத்துவதற்கு மின்சாரச் செலவு மிகுந்தது. தோக்கியோவிற் கசுவோ யமமோட்டோவும் அவரது துணைவரும் 1989இல் எளிய மாற்றமொன்று செய்தனர். நூல் போன்ற உட்குழல் உடைய சவ்விழைகளைச் சேற்றுத் தொட்டிக்குள்ளேயே அமிழ்த்தி, மெல்ல உறிஞ்சினர். பற்றீரியாக்களுக்கென விடப்படும் காற்றுக்குமிழிகளே இழைகளை உரசித் துப்புரவாக்கின. இன்று உலகெங்கும் வழங்குவது பெரும்பாலும் இவ்வமைப்பே.

மருந்தாலைக்கு இவ்வமைப்பினால் உண்டான நன்மை பெரிது. கடினமான இரசாயனங்களை உண்ணவல்ல பற்றீரியாக்கள் மிக மெதுவாகவே பெருகுவன. பழைய தொட்டிகளில் அவை பெருகுமுன்னரே வெள்ளத்தோடு போய்விடும். சவ்வு அவற்றை வாரக்கணக்காகத் தொட்டியிலேயே நிறுத்திவைக்கின்றது. இன்சுலின் முதலியவற்றை மரபு மாற்றிய பற்றீரியாக்களைக் கொண்டு செய்யும் தொழில் 1982இல் தொடங்கிய பின்னர் வேறொரு கவலையும் எழுந்தது. அந்த உயிர்கள் உயிரோடு வெளியே செல்லலாகாது. ஆகவே அத்தகைய கழிவை முதலில் வெப்பத்தாலோ காரத்தாலோ கொன்று, அதன் பின்னரே சுத்திகரிப்புக்கு விடுகின்றனர். இவ்விடத்திற் கொல்வது வெப்பம். சவ்வுக்குரிய வேலை தடுப்பது ஒன்றே. இவ்வேறுபாட்டை மறந்தால் நேர்வது யாது என்பதற்குச் சான்று தேடித் தூரம் செல்லவேண்டியதில்லை.

இந்தியாவின் ஐதராபாத் நகரத்தை அடுத்த பட்டான்செருப் பகுதி, 1970களிலிருந்து மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலைகளால் நிறைந்தது. இலங்கை தனக்கு வேண்டிய மருந்துகளுட் பெரும்பங்கை இறக்குமதி செய்யும் நாடு. அவ்விறக்குமதியில் இந்தியாவின் பங்கு பெரிது. ஆதலின் பட்டான்செருவின் கதை இந்நாட்டவர்க்குப் புறக்கதை அன்று. அங்கே ஓடைகளின் நீர் நிறம் மாறியதையும், வயல்கள் பாழானதையும், கிணறுகள் கெட்டதையும் கிராமத்தவர் முறையிட்டனர். 1990இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஏறத்தாழ 90 ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றும் இயங்கிற்று. ஆலைக் கழிவிற் பற்றீரியாக்கள் வளரத் தயங்கியமையால், அவற்றை ஊட்டுவதற்காக வீட்டுக் கழிவுநீரும் அங்கே கலக்கப்பட்டது. மருந்தும் மனித மலத்துப் பற்றீரியாக்களும் ஒரே தொட்டியில் நாட்கணக்காகச் சேர்ந்து கிடந்தன என்பது இதன் பொருள்.

சுவீடனின் கொத்தன்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோகிம் லார்சனும் அவரது துணைவரும் அந்நிலையத்திலிருந்து சுத்திகரித்து வெளிவிடப்பட்ட நீரைச் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். சிப்ரோபுளொக்சசின் என்னும் நுண்ணுயிர் எதிரி மருந்து லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை அந்நீரில் இருந்தது. அம்மருந்தை உண்ட நோயாளியின் குருதியிலும் அத்துணை அளவு காணப்படுவதில்லை. அந்நிலையம் ஒரு நாளில் வெளிவிட்ட சிப்ரோபுளொக்சசின் ஏறத்தாழ 45 கிலோகிராம் என்றும், சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாட்களில் உட்கொள்ளும் அளவுக்கு அது ஈடாகும் என்றும் அவர்கள் கணித்தனர். நீர் ஓடைகள் வழியே மஞ்சீரா ஆற்றைச் சேர்ந்து கோதாவரியை நோக்கிச் சென்றது. பின்னர் நடந்த ஆய்வுகளில், அப்பகுதி ஆற்று வண்டலிலும் ஏரியிலும் மருந்துக்கு அடங்காத தன்மையைத் தாங்கும் மரபணுக்கள் மிகுந்து காணப்பட்டன. மருந்தில் மூழ்கி வாழப் பழகிய பற்றீரியாவுக்கு, அதே மருந்து வைத்தியசாலையில் ஊசிவழி வந்தால் அஞ்சவேண்டிய காரணம் இல்லை.

அந்நிலையத்திற் சேற்றைப் படியவிடுவதற்குப் பதிலாக நுண்துளைச் சவ்வினால் வடித்திருந்தால் இம்மருந்து நின்றிருக்குமா என்று கேட்பது இயல்பே. விடை ஒரு கணக்கில் அடங்கும். ஐதரசன் அணுவின் நிறையை 1 எனக் கொண்டால், சிப்ரோபுளொக்சசின் மூலக்கூறு ஏறத்தாழ 331. பெனிசிலின் ஜி 334. சேற்றை வடிக்கும் சவ்வுகளோ பற்றீரியாவையும் பெரிய புரதங்களையும் தடுப்பன. ஆயிரக்கணக்கிலும் நூறாயிரக்கணக்கிலும் நிறையுடைய மூலக்கூறுகளையே அவற்றுள் நுட்பமானவை பற்றும். 331 நிறையுடைய ஒன்று, மீன்பிடி வலையினூடே கடுகு போவதுபோற் போய்விடும். பற்றீரியாக்கள் அதனைத் தின்றோ, சேறு அதனைத் தன்மேல் ஒட்டவைத்தோ குறைத்தால் அன்றி, தெளிந்த நீரில் அது இருக்கவே செய்யும். பளிங்கு போன்ற நீரில் மருந்து நிறைந்திருப்பதைக் கண்ணும் அறியாது, நாவும் அறியாது.

ஆதலாலேயே இன்று தக்கவாறு நடத்தப்படும் ஆலைகளிற் சேறு வடிக்கும் சவ்வுக்குப் பின்னர் நுண்வடிச் சவ்வு ஒன்றோ, லோபும் சௌரிராஜனும் வழிகாட்டிய எதிர்ப் பிரசாரணச் சவ்வோ வைக்கப்படுகின்றது. இச்சவ்வுகள் சில நூறு நிறையுடைய மூலக்கூறுகளையும் பெரும்பாலும் தடுத்து நிறுத்தும். மருந்து நின்றுவிடுகின்றது. ஆனால் நின்ற மருந்து எங்கே நிற்கின்றது? சவ்வின் இப்பக்கத்திலே, கடக்காது தங்கிய நீரில் நிற்கின்றது. நூறு பங்கு கழிவுநீரில் எழுபத்தைந்து பங்கு தூயநீராக வெளிவந்தால், எஞ்சிய இருபத்தைந்து பங்கில் மருந்தும் உப்பும் முன்னிருந்ததைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு செறிந்திருக்கும். சவ்வில் வழுவழுப்பாகப் படரும் பற்றீரியாப் படலத்தைக் குளோரினாலும் காரத்தாலும் கழுவிய நீரும் ஒரு கழிவே. தொட்டியில் மிகுந்த சேற்றையும் காலத்துக்குக் காலம் அகற்றவேண்டும். அதில் ஒட்டிய மருந்தும், மருந்துக்குப் பழகிய பற்றீரியாக்களும் இருக்கும்.

இச்செறிந்த நீரை ஆவியாக்கி உப்புக்கட்டியாகச் செய்து, காப்பிட்ட குழிகளிற் புதைக்கின்றனர். அல்லது சேற்றோடு சூளையில் எரிக்கின்றனர். ஓசோனும் அது போன்ற ஒட்சியேற்றிகளும் கொண்டு மருந்தின் மூலக்கூற்றை உடைக்கும் முறைகளும் கையாளப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் எரிபொருளும் மின்சாரமும் வேண்டும். ஒரு குளிகையின் விலை சில சதத்தால் ஏறலாம். மலிவான மருந்தை வாங்கும் நாடுகளும் அம்மலிவுக்குரிய கணக்கை எங்கோ ஓர் ஓடைக்கரையிலிருப்போர் தீர்ப்பதை இதுகாறும் பெரும்பாலும் கேட்டதில்லை.

சட்டமோ இன்னும் பின்தங்கியே வருகின்றது. கழிவுநீரின் ஒட்சிசன் தேவைக்கும் உப்புக்கும் அமிலத்தன்மைக்கும் பல நாடுகளில் எல்லை உண்டு; அந்நீரிலே தங்கிய நுண்ணுயிர் எதிரி மருந்துக்கு எல்லை வகுத்த சட்டம் அரிது. இந்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதிகளில் இத்தகைய எல்லைகளைத் தனித்தனியே குறித்திருந்தது. 2021இல் இறுதி விதிகள் வெளிவந்தபோது அவ்வெல்லைகள் அவற்றில் இடம்பெறவில்லை. உலகச் சுகாதாரத் தாபனம் இப்பொருள் பற்றித் தனது முதலாவது வழிகாட்டலை 2024 செப்டெம்பரில் வெளியிட்டது. நுண்ணுயிர் எதிரி மருந்துகளைச் செய்யும் ஆலைகளுக்குரிய அவ்வழிகாட்டல், வெளியேறும் நீரோடு, வடியின் இப்பக்கத்தில் தங்கும் திண்மக் கழிவையும் சேர்த்தே பேசுகின்றது.